அதிகாரி சட்டத்தை மீறினால் சிங்கப்பூரில் யாரிடம் போவது?

கேள்வி இது: "தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். ஓர் அரசாங்க அலுவலகம் என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. அவர்களே வெளியிட்ட விதிகளின்படி எனக்குத் தகுதி இருக்கிறது. ஊரில் லஞ்ச ஒழிப்புத் துறை, லோக் ஆயுக்தா என்று இருக்கின்றன. அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்க இங்கே எந்த அமைப்பு இருக்கிறது? லஞ்சத்தை விசாரிக்கும் சிபிஐபியில் புகார் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்தப் புகார் அங்கே நிற்காது. எங்கள் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் பல வருடங்களாகக் கடிதம் எழுதிக் கொடுத்து வருகிறேன். வாரம் ஒரு மாலை புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால், "சிபிஐபிக்கு எழுதுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டு யாராவது ஒருவர் வந்துவிடுவார். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "அந்த அதிகாரி உங்களிடம் காசு கேட்டாரா?" இல்லை என்பார். "வேறு யாரிடமாவது வாங்கிக்கொண்டு உங்களைத் தள்ளிவிட்டார் என்பதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா?" அதுவும் இருக்காது. அப்படியானால் அது லஞ்சப் புகார் இல்லை, தவறான முடிவு பற்றிய புகார். இரண்டுக்கும் வழி வேறு.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கும் அமைப்பு சிங்கப்பூரில் கிடையாது. வேண்டும் என்று யாரும் யோசிக்காமல் இல்லை. 1966ல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் அமைந்த அரசமைப்புச் சட்ட ஆணையம், நிர்வாகத்தின் மீது மக்கள் சொல்லும் குறைகளை விசாரிக்க 'ஒம்பட்ஸ்மன்' எனப்படும் குறைகேள் அதிகாரி ஒருவர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆணையம் சொன்ன இன்னொரு யோசனை உருமாறி, பிறகு சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றமாக வந்தது. ஒம்பட்ஸ்மன் மட்டும் வரவே இல்லை. அந்த இடத்தை இங்கே பெரும்பாலும் நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம்தான் நிரப்புகிறது. அது போதுமா என்றால், போதாது என்பதுதான் என் கருத்து. கடிதம் எழுதுகிறவனே சொல்கிறேன்: எங்கள் கடிதத்துக்கு ஓர் அமைப்பு மரியாதையாகப் பதில் எழுதியாக வேண்டும், அவ்வளவுதான். கோப்பைத் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை.

சரி, சிபிஐபிக்கு வருவோம். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு என்பது முழுப் பெயர். அது பிறந்த கதையே ஒரு போலிஸ் கதைதான். 1951ல் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. அன்றைய மதிப்பில் சுமார் 4 லட்சம் வெள்ளி (டாலர்). கொள்ளையடித்தவர்களில் போலிஸ் துப்பறிவாளர்களும் இருந்தார்கள். அதுவரை லஞ்ச வழக்குகளைப் பார்த்து வந்தது போலிசுக்குள்ளேயே இருந்த ஒரு சிறு பிரிவு. வீட்டுக்காரனே திருடும்போது வீட்டுக்குள் காவல் வைத்துப் பயனில்லை என்று 1952ல் தனி அமைப்பை உருவாக்கினார்கள். அதற்குப் பல்லைக் கொடுத்தது 1960ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ஊரிலிருந்து வந்தவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அது அரசாங்க ஊழியர்களுக்கு மட்டும் உரியதல்ல. தனியார் நிறுவன ஊழியர் கமிஷன் வாங்கினாலும் குற்றம்தான். 2018ல் லாரி ஓட்டுநர்களிடம் ஆளுக்கு ஒரு வெள்ளி வாங்கியதாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் மீது வழக்குப் போட்டார்கள். ஒரு வெள்ளிதான்! இரண்டாவது, அரசாங்க வேலையில் இருப்பவருக்கு அரசாங்கத்தோடு காரியம் உள்ள ஒருவர் பணமோ பொருளோ கொடுத்தது நிரூபணமானால், அது லஞ்சம் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது. தண்டனை ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. அரசாங்கக் குத்தகை (ஒப்பந்தம்) சம்பந்தப்பட்டிருந்தால் ஏழு ஆண்டு வரை போகும். புகார் கொடுப்பவரின் பெயரைக் காக்கவும் அதில் வழி இருக்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவரே உள்ளே போக வேண்டியிருக்கும்.

அடுத்து எல்லாரும் கேட்பது: சிபிஐபி பிரதமர் அலுவலகத்தின் கீழ்தானே இருக்கிறது, அப்புறம் மேலிடத்தை யார் கேட்பது? நியாயமான கேள்விதான். பதில் அரசமைப்புச் சட்டத்தின் 22ஜி பிரிவில் இருக்கிறது. அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறையோடு வந்த பிரிவு அது. ஒருவரை விசாரிக்கப் பிரதமர் சம்மதம் தர மறுத்தாலும், அதிபர் இசைந்தால் சிபிஐபி இயக்குநர் விசாரணையை நடத்தலாம். அதாவது பிரதமரையே விசாரிக்க வேண்டி வந்தாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. இயக்குநர் நியமனத்துக்கும் அதிபரின் இசைவு வேண்டும்.

அந்தக் கதவை வெளியே தெரிய யாரும் தட்டும் நிலை வந்ததில்லை. 2023ல் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன் விவகாரத்தில் வழக்கமான பாதையே போதுமானதாக இருந்தது. ஜூலை 5ஆம் தேதி இயக்குநர் பிரதமர் லீ சியன் லூங்கிடம் விவரம் சொன்னார், மறுநாள் பிரதமர் இசைவு கொடுத்தார், 11ஆம் தேதி கைது. நம்மவர்களுக்கு அது வேறு மாதிரி வலித்த செய்தி. அன்று லிட்டில் இந்தியாவில், தேக்காவில் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த எவருக்கும் வேறு பேச்சில்லை. அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு: கடைசியில் அவர் தண்டிக்கப்பட்டது ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் அல்ல. 35 குற்றச்சாட்டுகளில் இரண்டு அந்தச் சட்டத்தின் கீழ் இருந்தன. 2024 செப்டம்பர் 24, விசாரணை தொடங்கிய நாளிலேயே அரசுத் தரப்பு அந்த இரண்டையும் தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவின் கீழ் நான்கு குற்றச்சாட்டுகளையும் நீதிக்குத் தடையாக நடந்துகொண்டதாக ஒன்றையும் அவர் ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு கேட்டது ஆறு ஏழு மாதம். அக்டோபர் 3ஆம் தேதி நீதிபதி கொடுத்தது 12 மாதம்.

165ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அருகில் வரும் சட்டம் அதுதான். உத்தியோக ரீதியாகத் தன்னோடு தொடர்பு உள்ள ஒருவரிடமிருந்து, விலைமதிப்புள்ள பொருளை விலை கொடுக்காமல் ஓர் அரசாங்க ஊழியர் பெற்றாலே குற்றம். பதிலுக்கு ஏதாவது செய்து கொடுத்தாரா என்று காட்ட வேண்டியதில்லை. ஈஸ்வரன் வழக்கில் வந்தவை கார் பந்தய டிக்கெட், நாடக டிக்கெட், மதுப் புட்டிகள், ஒரு சைக்கிள் போன்றவைதான். "நண்பர் கொடுத்தார்" என்ற பதில் அங்கே செல்லுபடியாகவில்லை. சாதாரண அரசாங்க ஊழியருக்கு இது ஏற்கனவே பாடம்: பரிசு வந்தால் திருப்பிக் கொடு, முடியாவிட்டால் அலுவலகத்தில் ஒப்படை, 50 வெள்ளிக்கு மேற்பட்டதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் சந்தை விலை கொடுத்து வாங்கிக்கொள். கழுத்தை நெரிக்கும் கடன் தனக்கு இல்லை என்றும் அவர் ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனால் கவுன்டரில் உள்ளவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது இதனால்தான். அவருக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

பழைய வழக்குகளும் இரண்டு உண்டு. 1975ல் துணை அமைச்சர் வீ தூன் பூன் சிறை சென்றார். நாலரை ஆண்டு மேல்முறையீட்டில் 18 மாதமாகக் குறைந்தது. 1986ல் தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான் இரண்டு பெரிய தொகை லஞ்சமாக வாங்கினாரா என்ற விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, வழக்குத் தொடரப்படும் முன் இறந்துவிட்டார்.

கண்காணிப்பவனைக் கண்காணிப்பது யார் என்ற கேள்விக்கு ஒரு கசப்பான பதிலும் இருக்கிறது. சிபிஐபியின் உதவி இயக்குநர் ஒருவரே அந்த அமைப்பின் பணத்தில் 1.7 மில்லியன் வெள்ளிக்கு மேல் கையாடி, 2014ல் பத்து ஆண்டு சிறை சென்றார். கையாடல் பல ஆண்டுகள் நடந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிபிஐபி விசாரிக்கும், வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது தலைமைச் சட்ட அதிகாரி. அவர்தான் அரசாங்கத்தின் சட்ட ஆலோசகர், அவரேதான் அரசுத் தரப்பு வழக்குகளுக்கும் பொறுப்பு. இரண்டு தொப்பியும் ஒரே தலையில் இருப்பது சரியா என்ற விவாதம் அவ்வப்போது எழும். 2023 ஜனவரியில் கெப்பல் கடல்துறை நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்கள் ஆறு பேரை வெளிநாட்டு லஞ்ச விவகாரத்தில் கடுமையாக எச்சரித்து விட்டதோடு நிறுத்திக்கொண்டபோது அந்த விவாதம் நாடாளுமன்றம் வரை போனது. நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்குச் சாட்சியம் கிடைக்கவில்லை என்பது அரசாங்கத்தின் விளக்கம். சட்டம் தெரிந்தவனாக அந்த விளக்கம் எனக்குப் புரிகிறது. கோப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவனாக மனம் ஒப்பவில்லை.

பணக் கணக்கைப் பார்ப்பது தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம். அமைச்சுகள், அரசாங்க அமைப்புகளின் கணக்கை ஆய்ந்து அதிபருக்கு அறிக்கை கொடுக்கிறார்கள், அது நாடாளுமன்றத்துக்கு வருகிறது, ஆண்டுதோறும் ஜூலை வாக்கில் வெளியாகிறது. குத்தகை கேட்காமல் வேலை கொடுத்தது, முடிந்த பிறகு கையொப்பம் வாங்கியது, விலையை ஒப்பிட்டுப் பார்க்காதது என்று அதில் வருபவை படிக்கச் சுவாரசியமானவை. நான் ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறேன், மனைவி சிரிப்பாள். ஒரு கொள்கை நல்லதா கெட்டதா என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். செலவு விதிப்படி நடந்ததா என்பது மட்டுமே அவர்கள் வேலை. தனிமனிதர் புகாருக்கும் அங்கே வழக்கில் தீர்வு வருவது போல் ஒரு தீர்ப்பு வராது.

கொள்முதலில் சட்ட மீறல் எப்படி வெளியே வருகிறது என்பதற்கு நல்ல உதாரணம் 2012ஆம் ஆண்டின் சைக்கிள் விவகாரம். தேசியப் பூங்காக் கழகம் 26 மடக்குச் சைக்கிள்களைத் தலா 2,200 வெள்ளிக்கு வாங்கியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது எந்தக் கண்காணிப்பு அமைப்பும் அல்ல, குத்தகை விவரங்களை இணையத்தில் பார்த்துக் கேள்வி கேட்ட பொதுமக்கள். அதன்பிறகு அமைச்சு கணக்காய்வு செய்தது, விவகாரம் சிபிஐபிக்குப் போனது. அந்தக் கொள்முதலைக் கவனித்த உதவி இயக்குநருக்கு 5,000 வெள்ளி அபராதம் விழுந்தது. சைக்கிள் வாங்கியதற்காக அல்ல. சைக்கிள் விற்றவரைத் தனக்கு எப்போது தெரியும் என்று கணக்காய்வாளர்களிடம் பொய் சொன்னதற்காக.

ஊழியரை ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக்குவது பொதுச் சேவை ஆணையமும் அதன் அதிகாரம் பெற்ற குழுக்களும். 1951லிருந்து இருக்கிறது. அதனால் உங்களுக்கு நேரடிப் பயன் ஒன்றும் இல்லை. அதிகாரி கண்டிக்கப்பட்டாலும் உங்கள் விண்ணப்பம் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் விண்ணப்பத்தின் மீதான முடிவையே சட்டப்படி அசைக்கக்கூடிய இடம் பெரும்பாலும் உயர் நீதிமன்றம்தான். நீதித்துறை மறுஆய்வு என்பார்கள். இது மேல்முறையீடு அல்ல. முடிவு சரியா என்று நீதிபதி பார்க்க மாட்டார். முடிவெடுத்த முறை சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்ப்பார். அதிகாரத்துக்கு அப்பாற்பட்டு முடிவெடுத்தார்களா, பொருந்தாத காரணத்தைக் கணக்கில் எடுத்தார்களா, புத்தியுள்ள எவரும் எடுக்க முடியாத முடிவா, உங்கள் தரப்பைக் கேட்காமல் செய்தார்களா என்பவை கேள்விகள். வென்றாலும் பெரும்பாலும் கிடைப்பது "மறுபடியும் ஒழுங்காகப் பரிசீலியுங்கள்" என்ற உத்தரவுதான். மறுபடி பரிசீலித்து மறுபடி மறுக்கலாம்.

இந்தத் துறையின் அடித்தளம் 1988ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத் தடுப்புக்காவல் வழக்கில் கொடுத்த தீர்ப்பு. எந்த அதிகாரத்துக்கும் சட்ட எல்லை உண்டு, எல்லையில்லா விருப்புரிமை என்ற ஒன்று சட்டத்தின் ஆட்சிக்கே விரோதம் என்றது. விடுவிக்கப்பட்டவர்கள் உடனே மறுபடி கைது செய்யப்பட்டார்கள். அடுத்த மாதமே, 1989 ஜனவரியில், அந்த வகை வழக்குகளில் நீதிமன்றம் நடைமுறையை மட்டும் பார்க்கலாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். 2015ல் கால்பந்து ஆட்டங்களின் முடிவைக் காசு கொடுத்து முன்கூட்டியே நிர்ணயித்ததான குற்றச்சாட்டில் தடுப்புக்காவலில் இருந்த ஒருவரை மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தபோதும் ஏறக்குறைய அதே கதை: சில நாளில் மறு கைது, புதிய ஆணை, 2018ல் சட்டத் திருத்தம். நீதிமன்றம் கதவைத் திறந்தால் நாடாளுமன்றம் அதைப் பாதி சாத்தும் பழக்கம் இங்கே இருக்கிறது. இருந்தாலும் 1988 தீர்ப்பின் அந்த வரி மற்ற எல்லா வழக்கிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

நம்மவர் ஒருவர் தொடுத்த வழக்கையும் சொல்லிவிடுகிறேன். 2012 பிப்ரவரியில் ஹவ்காங் தொகுதி காலியானது. இடைத்தேர்தல் எப்போது நடத்துவது என்பது பிரதமரின் விருப்பமா என்று கேட்டு அந்தத் தொகுதியில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்மணி, துப்புரவு வேலை பார்ப்பவர், நீதிமன்றம் போனார். மே மாதம் இடைத்தேர்தல் நடந்துவிட்டது, ஆனாலும் வழக்கு ஓடியது. 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: நியாயமான காலத்துக்குள் நடத்தியாக வேண்டும், பிரதமருக்குக் கட்டற்ற விருப்புரிமை இல்லை. தேர்தல் முடிந்துவிட்டதால் வழக்கைத் தொடர அவருக்குத் தகுதி இல்லை என்று தோற்றுப்போனார். தோற்றும் நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் ஒரு கேள்விக்கு விடை வாங்கிக் கொடுத்துவிட்டார். தகுதி என்ற அந்தப் படி உங்களுக்குத் தடை அல்ல. மறுக்கப்பட்டது உங்கள் விண்ணப்பம்தானே.

"அவர்களே வெளியிட்ட விதி" என்றீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுமான நிறுவனம் 2013ல் உயர் நீதிமன்றம் போயிருக்கிறது. நிலத்துக்கான கட்டணத்தை ஓர் அட்டவணைப்படி கணக்கிடுவோம் என்று அரசாங்க அமைப்பு இணையத்தளத்தில் போட்டிருந்தது, பிறகு தனி மதிப்பீட்டின்படி அதிகம் கேட்டது. அமைப்பு தெளிவாகச் சொன்னதை நம்பி ஒருவர் நடந்திருந்தால், அந்த நியாயமான எதிர்பார்ப்பை நீதிமன்றம் காக்க முடியும் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் இணையத்தளத்தின் வாசகத்திலேயே விலக்கு வைத்திருந்ததால் நிறுவனம் தோற்றது. 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கோட்பாடு இங்கே பொருந்துமா என்பதை முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. ஆகவே நீங்கள் பார்த்த பக்கத்தில் "ஒவ்வொரு விண்ணப்பமும் அதனதன் தன்மைப்படி பரிசீலிக்கப்படும்" என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். தொண்ணூறு சதம் இருக்கும். அந்த ஒரு வரி உங்கள் வாதத்தைப் பாதியாக்கிவிடும்.

விண்ணப்பம் எதைப் பற்றியது என்று நீங்கள் சொல்லவில்லை. நிரந்தரவாசம், நீண்டகால வருகை அட்டை போன்ற குடிநுழைவுக் காரியம் என்றால் இன்னும் குறுகல்: குடிநுழைவுச் சட்டத்தின் 39ஏ பிரிவு, நடைமுறையைப் பின்பற்றினார்களா என்பதைத் தவிர வேறு எதையும் நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்கிறது. அதற்கு வழக்கறிஞர் கட்டணம் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த அமைப்பிடமே மறுபரிசீலனை கேளுங்கள், புது ஆதாரம் இருந்தால் சேருங்கள், பிறகு மக்கள் சந்திப்புக்கு வாருங்கள். சிங்கப்பூர்க் குடிமகனாக இல்லாவிட்டாலும் மேசைக்கு வந்தால் எழுதித்தான் கொடுப்போம்.

கடிதத்தில் "அநியாயம்" என்ற சொல் வேண்டாம். எந்த விதி, அதன் எந்த வரி, உங்கள் எந்த ஆவணம் அதற்குப் பொருந்துகிறது, மறுத்தபோது என்ன காரணம் சொன்னார்கள், அந்த நான்கு மட்டும். காரணமே சொல்லாமல் மறுத்திருந்தால் அதைக் கேட்டு முதலில் எழுதுங்கள். எங்கள் மேசைக்கு வந்த ஒருவர் மூன்று பக்கம் கோபமாக எழுதியிருந்தார். அதில் இருந்த விஷயம் ஐந்து வரிக்குள் அடங்கியது. ஐந்து வரியை அனுப்பினோம். அவருக்கு முடிவு மாறியது. கோபத்தோடு அனுப்பியிருந்தாலும் மாறியிருக்கலாம், எனக்குத் தெரிந்து யாரும் அப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை.

இது நடக்கும்போதே நிராகரிப்புக் கடிதத்தின் தேதியை எங்காவது எழுதி வையுங்கள். முடிவை ரத்து செய்யக் கோரி நீதித்துறை மறுஆய்வுக்கு அனுமதி கேட்பதென்றால் மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும், அமைப்புக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கடிதம் போட்டுக் காத்திருந்த நாளெல்லாம் அந்தக் கணக்கில் கழிந்துகொண்டே இருக்கும். வழக்குப் போட நினைக்கிறீர்களோ இல்லையோ, அந்தத் தேதியோடு ஒரு வழக்கறிஞரை இரண்டாவது மாதம் முடிவதற்குள் பாருங்கள். மேசைக்கு வருகிறவர்களிடம் கடிதத்தின் தேதியைத்தான் நான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் கடிதத்தையே வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.